கடை வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றால்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் பக்கம் எனக்கு வீட்டோடு சேர்ந்த ஒரு கடை. தேன், கருப்பட்டி, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், கிராம்பு, நல்லமிளகு, இவ்வளவுதான் சரக்கு. கடைக்கு நேரில் வருகிறவர்களைவிட வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள்தான் அதிகம். துபாயில் இருக்கும் மகன் ஊரிலுள்ள அம்மாவுக்குத் தேன் கொடுத்துவிடச் சொல்வார். சென்னையில் செட்டிலான நம்மூர்க்காரர் கருப்பட்டி கேட்பார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சேச்சி மலையாளத்தில் வாய்ஸ் போடுவார். இதையெல்லாம் இப்போது பார்த்துக்கொள்வது தக்கலைப் பக்கம் தன் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு தங்கச்சி. விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்கிறார்களே, அந்த வேலைதான்.

ஆள் எப்படிக் கிடைத்தது, என்ன சம்பளம், பாஸ்வேர்டெல்லாம் கொடுத்திருக்கிறீர்களா என்று தொழில் செய்கிற பலரும் கேட்கிறார்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர், கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர், தோவாளையிலிருந்து வெளியூருக்குப் பூ அனுப்புகிறவர் என்று வரிசையாகக் கேட்டாகிவிட்டது. போனில் ஒவ்வொருவரிடமும் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும் என்று பார்த்து ஆளை எடுக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு எப்படிப் பதில் எழுதுகிறார் என்று பார்த்து எடுங்கள். கூகுள் ஷீட்டை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கோபமாகக் கேட்கிறவரிடம் நிதானமாகப் பேசுகிற பக்குவத்தை நம்மால் சொல்லிக்கொடுக்க முடியாது. கடை நம்பரிலிருந்து போகிற ஒவ்வொரு வரியும் நீங்கள் சொன்னதாகத்தான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார்.

முதலில் ஒரு நோட்டு

ஆள் தேடும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டைக் கடையில் போட்டு வையுங்கள். போனை எடுக்கும்போதெல்லாம் எதற்கு எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் வேலை தானாகப் பிரிந்து நிற்கும். விலை என்ன, அரை கிலோ உண்டா, பார்சல் எங்கே நிற்கிறது, டிராக்கிங் நம்பர் அனுப்புங்க, கடை லொகேஷன் போடுங்க, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா. என் நோட்டில் பாதிக்கு மேல் இவைதான். விலைப்பட்டியலும் பார்சல் விவரமும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லக்கூடியவை. இவற்றை முதலில் ஒப்படையுங்கள்.

தேன் கொண்டு வருகிறவரிடம் விலை பேசுவது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது, பேங்க் வேலை, இவை உங்களிடமே இருக்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதில் சொல்லவும் வேண்டும், போஸ்டர் டிசைன் செய்யவும் வேண்டும், ரீல்ஸ் எடிட் பண்ணவும் வேண்டும், ஜிஎஸ்டியும் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆளிடம் கேட்கிற விளம்பரங்களைப் பார்க்கிறேன். அது நாலு பேர் வேலை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆடிட்டரிடமே இருக்கட்டும். உதவியாளர் பில்களைத் தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாலே ஆடிட்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆள் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே படிப்பறிவு அதிகமுள்ள மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். பட்டம் வாங்கி, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, கல்யாணமோ குழந்தையோ வந்த பிறகு வேலையை விட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! முழுநாள் வேலைக்குப் போக முடியாது, ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு மூன்று மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அந்த மூன்று மணி நேரம்தான்.

அப்வொர்க், ஃபைவர் மாதிரித் தளங்களிலும் ஆள் கிடைக்கும். ஹோம்ஸ்டேக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் மெயில் போடுகிறார்கள் என்றால் அங்கேயும் தேடுங்கள். என் கடை மாதிரி இடத்துக்கு அது ஒத்துவராது. "தேன் ஒறிஜினல் ஆணோ சேச்சி?" என்று ஒருவர் மலையாளத்தில் கேட்பார். அடுத்தவர், "போன தடவ தந்த கருப்பட்டிதானே, அதே ருசி இருக்குமா?" என்பார். இரண்டையும் கேட்டவுடன் புரிந்து பதில் சொல்ல இந்தப் பக்கத்து ஆள்தான் வேண்டும். படித்த கல்லூரியின் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குரூப், சர்ச் குரூப், சுயஉதவிக் குழு, பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் அம்மாக்களின் குரூப் இவற்றில் சொல்லி வையுங்கள்.

விளம்பரம் எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லிப் பெண்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கி ஏமாற்றுகிறவர்கள் நிறைய. அதனால் நீங்கள் அவர்களைச் சந்தேகப்படும் முன்பே அவர்கள் உங்களைச் சந்தேகப்படுவார்கள், அது நியாயமும்கூட. நான் போட்டது இது:

"கருங்கல் பக்கம் தேன், கருப்பட்டிக் கடைக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லவும் ஆர்டர் எழுதவும் ஆள் வேண்டும். காலை 10 முதல் 1 வரை, ஞாயிறு லீவு. தமிழ் எழுத, மலையாளம் கேட்டால் புரிய வேண்டும். சம்பளம் மாதம் 9,000. எந்தக் கட்டணமும் கிடையாது. கடைக்கு நேரில் வந்து பார்க்கலாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டும் வரலாம்."

சம்பளத்தை விளம்பரத்திலேயே போடுங்கள். 'பேசித் தீர்மானிக்கலாம்' என்று எழுதினால் நல்ல ஆள் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்.

மூன்று கேள்வி, ஒரு வாய்ஸ்

சர்டிபிகேட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வந்தவர்களில் நாலைந்து பேருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன், அதற்கு 300 ரூபாயும் கொடுத்தேன். வேலை செய்து காட்டச் சொல்லிவிட்டுச் சும்மா அனுப்புவது சரியில்லை. கொடுத்த வேலை, கடைக்கு உண்மையிலேயே வந்த மூன்று செய்திகளுக்குப் பதில் எழுதுவது.

முதல் செய்தி: "தேன் அடியில சீனி மாதிரி உறைஞ்சு கெடக்கு. சர்க்கரைப்பாகு கலந்து ஏமாத்துறீங்களா?"

ஒருவர் எழுதினார்: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்கள் தயாரிப்பு நூறு சதவீதம் தூய்மையானது." எழுத்துப்பிழை இல்லை, ஆனால் கேட்டவர் கேள்வி அப்படியே நிற்கிறது. இப்போது என்னுடன் இருக்கும் தங்கச்சி எழுதியது இது: "அண்ணா, பார்த்ததும் அப்படித்தான் தோணும். தேன் உறையுறது இயல்புதான், கெட்டுப்போனது இல்ல. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வெச்சா இளகிரும், நேரா அடுப்புல வைக்க வேண்டாம். ஒரு போட்டோ அனுப்புங்க, கடையில காட்டிட்டுச் சொல்றேன்." தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கடையில் காட்டுகிறேன் என்றாளே, அந்த இடத்திலேயே எனக்கு ஆள் கிடைத்தாகிவிட்டது.

இரண்டாவது, பார்சல் வரவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கும் ஒருவர். இதில் மன்னிப்பு எத்தனை வரி, தகவல் எத்தனை வரி என்று பாருங்கள். டிராக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கி, இன்ன ஊரில் நிற்கிறது, நாளைக்குள் வராவிட்டால் நானே கூப்பிடுகிறேன் என்று எழுதுகிறவர்தான் வேண்டும்.

மூன்றாவது: "பேரப்பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்க நல்ல தேன் வேணும். எது குடுக்கலாம்?" பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு தொட்டு வைப்பதுதான் சேனை. இதற்குச் சரியான பதில் விற்காமல் இருப்பது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தரக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும், காய்ச்சினாலும் அந்த வித்து எளிதில் சாகாது. இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பழக்கமாகக் கேட்கிற ஒரு பாட்டியிடம் மனம் நோகாமல் 'வேண்டாம்' என்று சொல்ல வருமா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வி. காரணத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுபடி எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பதிலைப் பார்த்தால் சொல்வதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக மலையாள வாய்ஸ் ஒன்றைப் போட்டுக் கேட்கச் சொல்லி, ஆர்டரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். அவ்வளவுதான் நேர்காணல்.

தெரிந்திருக்க வேண்டியவை, ஒரு தாளில்

ஆள் வந்த பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் உங்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் உதவியாளர் வைத்துப் பயனில்லை. அதனால் கடையைப் பற்றி ஒரு தாள் எழுதுங்கள். என் தாளில் தேனுக்கே ஒரு பக்கம். மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937-ல் தொடங்கியது. நம்ம பக்கத்தில் பெட்டி வைத்து வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற மாதங்களில், இளம் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுத்து வருகிறது, பூவிலிருந்து அல்ல. அதனால் மகசூல் வருடத்தின் முதல் சில மாதங்களில்தான். 'இப்போ புதுத் தேன் உண்டா' என்று ஆகஸ்டில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. ஈரம் கூடினால் புளித்து நுரைக்கும். உறைகிற தேனெல்லாம் நல்லது, உறையாததெல்லாம் கலப்படம் என்று எழுதக்கூடாது. இரண்டும் உண்மையில்லை.

சொல்லக்கூடாதவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். "கருப்பட்டி சாப்பிட்டா சுகர் குறையுமா?" என்று தினமும் ஒருவராவது கேட்பார். குறையும் என்று ஒரு வார்த்தை எழுதினால் விற்பனை ஆகும். எழுதக்கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருடச் சட்டத்திலேயே தடை. 'டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்' என்பதுதான் எங்கள் கடையின் பதில்.

விலையை இந்தத் தாளில் எழுதாதீர்கள். ஓணம் நெருங்கினால் ஏத்தங்காய் விலை ஏறும், சிப்ஸ் விலையும் கூடவே ஏறும். விலைக்கென்று தனி ஷீட் வைத்து, காலையில் நீங்கள் மாற்றுங்கள். அதைப் பார்த்துத்தான் பதில் போக வேண்டும்.

சாவி எது, பூட்டு எது

குடும்ப நம்பரும் கடை நம்பரும் ஒன்றாக இருந்தால் முதலில் பிரியுங்கள். கடைக்குத் தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். போன் உங்களிடமே இருக்கும். அதனுடன் நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். உதவியாளர் தன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, போன் நம்பர் கொடுத்து இணைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். அதை உங்கள் போனில் போட்டால் போதும், நேரில் வர வேண்டாம். முன்பின் தெரியாத யாராவது இப்படி ஒரு குறியீடு சொல்லிப் போடச் சொன்னால் போடாதீர்கள், கணக்கு அவர் கைக்குப் போய்விடும். இரண்டு படி சரிபார்ப்புக்கான பின் நம்பரையும் அன்றைக்கே வைத்துவிடுங்கள்.

மற்றதிலும் பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. கூகுள் மேப்பில் கடைப் பக்கத்துக்கு அவர் மெயிலை மேனேஜராகச் சேர்க்கலாம். ரிவியூவுக்குப் பதில் எழுதலாம், ஆனால் உங்களை நீக்க முடியாது. ஜிமெயிலில் 'டெலிகேட்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் சேர்த்தால் மெயில் பார்க்கலாம், பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஃபேஸ்புக் பக்கத்துக்கு மெட்டா பிசினஸ் சூட் வழியாக அனுமதி தரலாம். கூகுள் ஷீட்டை அவர் மெயிலுக்கு மட்டும் பகிருங்கள். லிங்க் உள்ள யாரும் திறக்கலாம் என்று வைத்தால் வாடிக்கையாளர் எல்லாருடைய நம்பரும் முகவரியும் தெருவில் கிடக்கும்.

பணம் வந்ததா என்று பார்ப்பதுதான் எல்லாரும் தடுமாறும் இடம். வாடிக்கையாளர் அனுப்பும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பார்சல் போடக்கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய ஆப்பே இருக்கிறது. என் ஷீட்டில் 'பணம் வந்தது' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன், அதில் டிக் போட என்னால் மட்டும்தான் முடியும். பேங்க் கணக்கைப் பார்த்துக் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை டிக் போடுவேன். டிக் விழாத ஆர்டர் பேக் ஆகாது. "தப்பா 5,000 வந்திருச்சு, திருப்பிப் போடுங்க" என்று யார் கெஞ்சினாலும் மிரட்டினாலும் உதவியாளர் என்னிடம் தள்ளிவிட வேண்டும். ஓடிபி, யூபிஐ பின் இரண்டையும் நீங்களும் சொல்லக்கூடாது, அவரும் கேட்கக்கூடாது. பணம் வாங்க யாருக்கும் பின் தேவையில்லை. ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

முதல் மாதம்

முதல் வாரம் பதிலை அவர் எழுதட்டும், நீங்கள் படித்து அனுப்புங்கள். அடுத்து அவரே அனுப்பட்டும், மாலையில் நீங்கள் படியுங்கள். திருத்த வேண்டியதை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் திருத்தாதீர்கள், போனில் சொல்லுங்கள். மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் பேசுவது எங்களுக்கு வழக்கம். "அக்கா, இன்னைக்கு இரண்டு பேர் சர்க்கரை வரட்டி கேட்டாங்க, நாம ஏன் போடக்கூடாது?" என்று அவள் கேட்டதுகூட அந்தப் பத்து நிமிடத்தில்தான். (சர்க்கரை வரட்டி என்பது வெல்லப்பாகில் புரட்டிய ஏத்தங்காய்.) கடையில் இல்லாத சரக்கை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

திரும்பத் திரும்ப வருகிற பதில்களை 'குயிக் ரிப்ளை'யில் போட்டுவிடலாம், ஆனால் வணக்கமும் பெயரும் ஒவ்வொரு தடவையும் கையால் எழுதட்டும். அண்ணனா, சேட்டனா, டீச்சரா என்று பார்த்து அழைக்கிற ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோம்.

தானாக முடிவெடுக்க ஓர் எல்லை கொடுங்கள். என் கடையில் அது 300 ரூபாய். சிப்ஸ் நொறுங்கிப் போயிற்று, பாட்டில் ஒழுகியிருக்கிறது என்று போட்டோ வந்தால், 300 ரூபாய் வரை மாற்றிக் கொடுக்க அவள் என்னைக் கேட்க வேண்டாம். இது உதவியாளருக்குக் கொடுக்கிற மரியாதை, வாடிக்கையாளருக்கும் உடனே பதில் கிடைத்துவிடுகிறது.

சம்பளம், லீவு, கரண்டு

நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 9,000 என்பது மணிக்கு 115 ரூபாய்ச் சொச்சம். நெட் ரீசார்ஜ் தனி. ஒன்றாம் தேதி காலையிலேயே போட்டுவிடுவேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று 3,000, 4,000-க்கு ஆள் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் கடைப் பெயரைக் காப்பாற்றுகிற ஆளுக்கு அது போதாது, அந்த ஆள் நிற்கவும் மாட்டார்.

கிறிஸ்மஸ், ஓணம் இரண்டும் எங்களுக்குப் பெரிய சீசன், அவளுக்கும் வீட்டில் பண்டிகை. சீசனுக்கு முந்தின வாரங்களில் கூடுதல் மணி நேரத்துக்குக் கூடுதல் பணம், பண்டிகை நாளில் முழு லீவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை என்று உள்ளூர் லீவுகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கெல்லாம் 'நாளை பதில் வரும்' என்று வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிலே சொல்லிக்கொள்ளும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் யூபிஎஸ் உண்டா, இன்னொரு கம்பெனி சிம் உண்டா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் ஆளை விட்டுவிடாதீர்கள், இரண்டாவது சிம்மை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

ஒரு பக்க ஒப்பந்தம்

தெரிந்த ஆள் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதி. வாடிக்கையாளர் நம்பரும் முகவரியும் கடைக்குச் சொந்தம், வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது, இது வெறும் நாகரிகம் மட்டுமில்லை, நம் பொறுப்பும்கூட. விலகுவதென்றால் இருபக்கமும் 15 நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவையும் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல்.

என்றைக்காவது அவர் விலகினால், கடைசி நாள் வேலை முடிந்ததும் இணைக்கப்பட்ட சாதனங்களில் அவர் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்யுங்கள். ஜிமெயில், மேப், ஷீட் மூன்றிலும் பெயரை எடுங்கள். இதை அவரிடம் சொல்லிவிட்டு, அவர் போனில் இருக்கும்போதே செய்யுங்கள், சந்தேகப்பட்டதாக ஆகாது. மீதிச் சம்பளத்தை அன்றைக்கே போட்டு, கடை லெட்டர்பேடில் அனுபவச் சான்று ஒன்றும் எழுதிக் கொடுங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது அவருக்கு அந்தத் தாள் வேண்டும்.